மூக்கைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்

பரணிலிருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை. பாட்டி நினைவு வந்து தேம்பி அழுதுவிட்டேன். தினமும் கூடத்தில் பார்க்கிற பாட்டி போட்டோவுக்கு வராத அழுகை இதற்கு மட்டும் ஏன்?
– வாசகி, மதுரை

கண்ணும் காதும் அனுப்பும் சேதி, தாலமஸ் என்ற டோக்கன் கவுண்டரில் நின்றுதான் மூளையின் மற்றப் பகுதிகளுக்குப் போகும். வாசனை டோக்கன் வாங்காமல் நேரே டாக்டர் அறைக்குள் நுழைந்துவிடும். மூக்கின் உச்சியிலிருக்கும் நரம்பிழைகள், சல்லடை போன்ற மெல்லிய எலும்பைத் துளைத்துக்கொண்டு மூளையின் முகர்குமிழுக்குப் போகின்றன. அங்கிருந்து பயம், பாசம் எல்லாவற்றிலும் கைவைக்கும் அமிக்டலாவுக்கு ஒரே எட்டு. நினைவுகளைப் பதிந்துவைக்கும் ஹிப்போகேம்பஸும் பக்கத்திலேயே. அதனால்தான் முதலில் கண் கலங்குகிறது, 'ஓ, அந்துருண்டை' என்று பெயர் தோன்றுவது அப்புறம். கூடத்துப் போட்டோ தினமும் கண்ணில் பட்டுப் பட்டுத் தேய்ந்துவிட்டது. பெட்டியை அடிக்கடி திறக்காதீர்கள்.

"வாசனை நினைவு பொய் சொல்லாது. எங்கம்மா வச்ச ரசம் மாதிரி இது இல்லை" என்கிறார் கணவர். இருபது வருஷமாக இதே தீர்ப்பு. மேல்முறையீடு உண்டா?
– வாசகி, கோவை

தாராளமாக உண்டு. அமெரிக்க உளவியலாளர் ரேச்சல் ஹெர்ஸ், ஒரே நினைவை வாசனையாலும் படத்தாலும் சொல்லாலும் கிளறிப் பார்த்தார். வாசனையால் வந்த நினைவில் உணர்ச்சி கூடுதல். துல்லியம் கூடுதலாக இல்லை. ஆக, உங்கள் கணவரின் நெகிழ்ச்சி நிஜம். ரசத்தில் பெருங்காயம் எவ்வளவு இருந்தது என்பதற்கு அது சாட்சியாகாது.

ஆனால் இன்னொரு சங்கதி உங்களுக்குப் பாதகம். சுவீடனில் நடந்து 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதியவர்களிடம் சொல்லையும் படத்தையும் காட்டியபோது பெரும்பாலும் இளமைக்கால நினைவுகள் வந்தன; வாசனை காட்டியபோதோ பத்து வயதுக்கு முந்தியவை வந்தன. நீங்கள் மோதுவது மாமியாரோடு அல்ல. பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு ஓடிவந்த ஒரு பொடியனோடு. அவனை ஜெயித்த மருமகள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

நாயோடு ஒப்பிட்டால் நம் மூக்கு வெறும் மூக்குக்கண்ணாடி ஸ்டாண்டுதானே?
– வாசகர், நாகர்கோவில்

பால் புரோக்கா என்ற 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மருத்துவர் கட்டிவிட்ட கதையின் மிச்சம் இது. 2017இல் நரம்பியல் விஞ்ஞானி ஜான் மெக்கான் 'சயன்ஸ்' இதழில் அதை ஆதாரத்தோடு மறுத்தார். வாசனை பிடிக்கும் ஏற்பிகள் நம்மிடம் சுமார் 400 வகை இருக்கின்றன. அந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991இல் கண்டுபிடித்த லிண்டா பக்குக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலுக்கும் 2004இல் நோபல் கிடைத்தது. மழை விழுந்ததும் மண்ணிலிருந்து கிளம்பும் ஜியோஸ்மினை, காற்றில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மோப்பம் பிடித்துவிடுவோம். நாயைப் போலத் தரையோடு மூக்கை வைத்து நடந்து பாருங்கள், திறமை இன்னும் தெரியும். தெருக்கோடி வரை வேண்டாம்.

பக்கத்து வீட்டுக் கருவாடு மூக்கைத் துளைக்கிறது. எங்கள் வீட்டுக் கருவாடு மட்டும் மணப்பதே இல்லையே?
– வாசகர், தூத்துக்குடி

மாறாமல் வந்துகொண்டே இருக்கும் வாசனையை மூளை சேதியாகவே எடுத்துக்கொள்ளாது. வெளியூர் போய்வந்து கதவைத் திறக்கும் அந்த முதல் நிமிடத்தில் தெரியும். அவசரமென்றால் பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள், காத்துக்கொண்டிருப்பார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு காபி கருகிய ரப்பர்போல நாறுகிறது. பழைய காபி திரும்புமா?
– வாசகி, கும்பகோணம்

கும்பகோணத்துக்காரருக்கு இப்படியொரு தண்டனையா! முகரும் நரம்பணுக்கள் வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைத்துக்கொண்டே இருப்பவை. அதனால் பலருக்கு மெல்ல மெல்லத் திரும்புகிறது. முளைக்கும்போது இணைப்பு தாறுமாறாகிவிட்டால் காபி ரப்பராவதும் உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழு 2009இல் ஒரு பயிற்சியைச் சோதித்தது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலையும் மாலையும் பன்னிரண்டு வாரம் முகர வேண்டும். சிலருக்குப் பலன் கிடைத்தது. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அடுத்த மாதம் கல்யாணம். அந்த நாளை ஒரு சென்ட் பாட்டிலில் பிடித்துவைக்க முடியுமா?
– வாசகர், புதுச்சேரி

ஓவியர் ஆண்டி வார்ஹோல் இதையே செய்தார். ஒரு சென்ட்டை மூன்று மாதம் பூசுவார், பிறகு மூடி எடுத்துவைத்துவிடுவார். அந்த மூன்று மாதமும் பாட்டிலுக்குள். நீங்களும் இதுவரை தொடாத சென்ட்டாக வாங்கி, முகூர்த்தத்தன்று மட்டும் போட்டுக்கொண்டு பீரோவில் பூட்டிவிடுங்கள். மிச்சமிருக்கிறதே என்று தினமும் அடித்தால், ஆறு மாதத்தில் அது உங்கள் ஆபீஸ் மேனேஜரைத்தான் ஞாபகப்படுத்தும்.