நாற்பத்திரண்டு நாள் ஆயுள்

சித்த வைத்தியத்தில் ஒரு மண்டலம் 48 நாள். விண்டோஸ் சர்வரில் யாரும் கைவைக்காவிட்டால் பாஸ்வேர்டின் ஆயுள் 42 நாள். மருந்து வேலை செய்வதற்குள் பாஸ்வேர்டு போய்ச் சேர்ந்துவிடும்.

போன திங்கட்கிழமை மாற்றினேன். கம்ப்யூட்டர் சமர்த்தாக ஏற்றுக்கொண்டது. பத்து மணிக்கு அக்கவுன்ட் லாக். திறந்துவிட்டார்கள், டீ குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி லாக். சிஸ்டம் பார்க்கும் தம்பி வந்தார்.

"பழைய பாஸ்வேர்டு வேற எங்கயாவது இருக்கா சார்?"

"டைரியில இருக்கு தம்பி."

"அது இல்ல சார்…"

குற்றவாளி என் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. ஆபீஸ் மெயிலைப் பார்க்கிறேன் பேர்வழி என்று, செல்போன் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு கதவைத் தட்டித் தட்டி, என்னைத் திருடனாக்கிவிட்டிருந்தது.

2003-இல் அமெரிக்க அரசுக்காக பாஸ்வேர்டு மாற்றும் இந்தச் சடங்கைப் பரிந்துரைத்த பில் பர், 2017-இல் அதற்காக வருத்தப்பட்டார். மைக்ரோசாஃப்டே 2019-இல் காலாவதி விதியைத் தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து எடுத்துவிட்டது. எங்கள் ஆபீசுக்கு மட்டும் சுற்றறிக்கை இன்னும் வந்து சேரவில்லை.

புது பாஸ்வேர்டா? பழையதேதான். கடைசியில் இருந்த 16, இப்போது 17. (யாரிடமும் சொல்லாதீர்கள்.)