200 கேபிக்குள் ஒன்பது வருடம்

பெறுநர்: அறிவியல் பணிக்குத் திரும்பும் பெண்களை இருகரம் நீட்டி வரவேற்கும் மாண்புமிகு இணையதளம் அவர்கள். (பெயர் எதற்கு? திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரியும்.)

பொருள்: பணியில் இல்லாதவரிடம் தற்போதைய பணியளிப்பவரின் சான்று கோரியது தொடர்பாக.



சென்ற செவ்வாய்க்கிழமை பேச்சிப்பாறையிலிருந்து ஒரு பெண் காலை பஸ் பிடித்துக் குலசேகரம் வந்து, பிரவுசிங் சென்டரில் தங்கள் திருமுன் அமர்ந்தார். வீட்டில் சிக்னல் நிற்காது, ஓ.டி.பி. வந்து சேர்வதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். தாவரவியலில் முனைவர். மழைக்காலத்தில் ரப்பர் மரத்தை மொட்டையாக்கும் பைட்டாப்தோரா இலையுதிர்வு நோயில் ஆய்வு செய்தவர். அதன் பிறகு ஒன்பது வருடம் வீடு. மூன்று மணி நேரம் தங்கள் கட்டங்களை நிரப்பிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அங்கே சிவப்பு நட்சத்திரத்துடன் ஒரு கட்டம்: தற்போதைய பணியளிப்பவரின் தடையில்லாச் சான்று, 200 கேபிக்கு மிகாமல்.

வேலை இல்லை என்றுதானே அவர் வந்ததே!

“யக்கா, வெறும் பேப்பர ஸ்கேன் பண்ணிப் போட்டிரட்டா?” என்றான் சென்டர் பையன். போட்டார்கள். வெள்ளைத் தாள் 212 கேபி வந்தது. தாங்கள் மறுத்துவிட்டீர்கள்.

என்ன ஒரு கறார்! ஒன்றுமே எழுதாத தாளில்கூட 12 கேபி அதிகம் என்று கண்டுபிடிக்கும் நுண்ணறிவு வேறு யாருக்கு வாய்க்கும்? ஐந்து வருட ஆய்வேடு 200 கேபி. பட்டச் சான்றிதழ் 200 கேபி. மாமியார் பக்கவாதத்தில் நாலு வருடம் படுத்திருந்தது எத்தனை கேபி என்று தாங்கள் கேட்கவில்லை. அந்தக் கருணைக்கு நன்றி.

கொள்ளளவு என்பது பேச்சிப்பாறைக்காரர்களுக்குப் புதிதல்ல. ஊரில் உள்ள அணையின் முழு மட்டம் 48 அடி என்பது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கோதையாற்றின் குறுக்கே அதைத் திருவிதாங்கூர் அரசுக்காகக் கட்டிய பொறியாளர் மிஞ்சின், 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்தார். அதுவும் ஒன்பது வருடம்தான். அந்த ஒன்பது வருடத்தில் ஏன் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை என்று அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நல்லவேளை, அணையின் வரைபடத்தை 200 கேபிக்குள் கேட்க அப்போது தாங்கள் இல்லை.

இந்தப் பெண் தன் ஒன்பது வருடத்தை ‘இடைவெளிக் காலச் சாதனைகள்’ என்ற கட்டத்தில் எழுதித்தான் பார்த்தார். மாமனாரின் இரண்டு ஏக்கர் ரப்பரில் எந்த மழைக்கு எந்த மரம் இலை கொட்டியது, எத்தனை நாள் பால்வெட்டு நின்றது, மழைக்கவசம் கட்டிய மரத்துக்கும் கட்டாத மரத்துக்கும் பாலில் என்ன வித்தியாசம் என்று நோட்டுப் போட்டு வைத்திருக்கிறார். பக்கத்துத் தோட்டத்து வெட்டுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இலைப் படங்களும் தேதிவாரியாக இருக்கின்றன. தங்கள் பதில்: ‘செல்லாத உள்ளீடு.’

தங்கள் நல்லெண்ணத்தைச் சந்தேகிப்பவர் நாக்கு அழுகட்டும். பணியில் இடைவெளி விழுந்த பெண் விஞ்ஞானிகளுக்கென்றே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-இல் திட்டம் கொண்டுவந்தது. உயிரித் தொழில்நுட்பத் துறையின் பயோகேர் திட்டம் 2011-இல் வந்தது. பிரிட்டனில் இயற்பியல் பேராசிரியை டாப்னி ஜாக்சன் 1985-லேயே இதற்கான உதவித்தொகைக்கு வழி செய்தார். லிங்க்ட்இன் நிறுவனமே 2022-இல் பணி இடைவெளியைக் காட்டத் தனி இடம் ஒதுக்கியது. லண்டன் ராயல் சொசைட்டி 2019-இல் ஒரு தன்விவரப் படிவத்தை முன்வைத்தது. கட்டுரைகளை எண்ணிக் காட்டுவதற்குப் பதிலாக, செய்த பணியை நான்கு தலைப்புகளில் சொந்த வாக்கியத்தில் சொல்லலாம். மற்றவர்களை வளர்த்துவிட்டதும் சமூகத்துக்குச் செய்ததும் அதில் தனித் தலைப்புகள். இவையெல்லாம் தாங்கள் அறியாததா? 200 கேபியைத் தாண்டியிருக்கும், ஏற்றியிருக்க மாட்டீர்கள்.

தாளைப் பார்த்து ஆளை மறுக்கும் வழக்கம் தங்களோடு தொடங்கியதும் இல்லை. அதே பழைய திருவிதாங்கூரின் பீர்மேட்டில் 1918-இல் பிறந்தவர் அன்னா மணி. பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் ஒளிப் பண்புகளை ஆராய்ந்தார், 1942-க்கும் 1945-க்கும் இடையில் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார், ஆய்வேட்டைக் கொடுத்தார். எம்.எஸ்சி. இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டத்தை மறுத்தது. பிற்பாடு இந்திய வானிலைத் துறையின் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வழிவகுத்தவர் அவர். ஆய்வேடு இன்றும் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் இருக்கிறது. பட்டம் கடைசிவரை வரவில்லை. எண்பது வருடம் ஆகிறது, இன்னும் அதே கட்டம், அதே நட்சத்திரம்! ஒருத்திக்கு என்ன தெரியும் என்று கேட்க ஒரு வரி இல்லை. அவள் எங்கே இல்லாமல் போனாள் என்பதற்கு மட்டும் சீல் வைத்த காகிதம் வேண்டுமா? வெட்கமாக இல்லையா?

மன்னிக்க வேண்டும், குரல் உயர்ந்துவிட்டது. தங்கள் சர்வர் ஏற்கெனவே பாரம் தாங்காமல் இருக்கிறது.

சென்டருக்கு நூறு ரூபாய் கொடுத்துவிட்டு அந்தப் பெண் ஊர் திரும்பினார். விண்ணப்பம் இன்னும் ‘வரைவு’ நிலையில் தங்களிடம்தான் இருக்கிறது. பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பணியளிப்பவர் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று தட்டச்சு செய்ய இடம் கொடுங்கள். மூன்றே எழுத்து, 200 கேபிக்குள் அடங்கிவிடும். அவருடைய நோட்டைத் திறந்து பார்க்க ஒரு ஆளையும் போடுங்கள்.

இப்படிக்கு,
விண்ணப்ப எண் உருவாகாத ஒருவரின் சார்பாக