எல்லைகடப்பியல்: பிரென்னர் கணவாயை முன்வைத்து

ஐரோப்பாவில் நாட்டெல்லை கடப்பு இருவகைப்படும்: வாடகைக் கார்வழிக் கடப்பு, ரயில்வழிக் கடப்பு. முன்னது எளிது, ஆகவே ஆய்வுக்கு உகந்ததன்று. வாடகைக் காரின் எல்லை நிலத்தில் இல்லை, ஒப்பந்தத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கிறது. எந்த நாட்டுக்குள் போகலாம், வண்டியை அங்கேயே விட்டால் எவ்வளவு கூடுதலாக அழ வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும். ஆஸ்திரிய விரைவுச்சாலைகளுக்குக் கட்டண வில்லை உண்டு. ஆனால், பிரென்னருக்கு ஏறும் ஏ13 சாலையில் அந்த வில்லை செல்லாது. அதற்குத் தனிச் சுங்கம். இதில் கருத்துவேறுபாட்டுக்கு வழியில்லாததால் அறிஞர்கள் இத்துறையைச் சீந்துவதில்லை.

ரயில்வழிக் கடப்பே ஆய்வுக்குரியது. என்னை எனின், எல்லை எங்கே என்பது அதில் தெளிவாக இல்லை.

இன்ஸ்புருக்கிலிருந்து தெற்கே ஏறும் ரயில், சுமார் 1,370 மீட்டர் உயரத்தில் பிரென்னரைத் தொடுகிறது. ஆஸ்திரியா முடிந்து இத்தாலி தொடங்குவது அங்கே. இது வரைபடத்தின் கூற்று. 1919-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கூற்றும் அதுவே. ரயிலின் கூற்று வேறு.

முதலாவது, மின்னெல்லை. ஆஸ்திரியத் தடத்தில் ஓடுவது 15,000 வோல்ட் மாறுமின்சாரம். இத்தாலியத் தடத்தில் 3,000 வோல்ட் நேர்மின்சாரம். இரண்டையும் ஏற்கும் இன்ஜின் இல்லையெனில் பிரென்னர் நிலையத்தில் இன்ஜினையே மாற்றியாக வேண்டும். பெட்டியின் குளிர்சாதன இரைச்சல் திடீரென அடங்கி, எதிரிருக்கைக்காரர் ரொட்டிப் பொட்டலம் பிரிக்கும் ஓசை தெளிவாகக் கேட்குமாயின், எல்லை வந்துவிட்டது என்க.

இரண்டாவது, மொழியெல்லை. பிரென்னரைத் தாண்டியும் ஜெர்மன் மொழி இறங்குவதில்லை. அது பொல்சானோவையும் கடந்து சலோர்னோ வரை, நூறு கிலோமீட்டருக்கு மேல், கூடவே வருகிறது. மூன்றாவது, காவலெல்லை. 1998 ஏப்ரலில் ஷெங்கன் ஏற்பாட்டின்படி இங்கே வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனை நின்றது. அதன்பின் போலீஸ்காரர் ஏறினால் எல்லை உண்டு, ஏறாவிடில் இல்லை. நான்காவது, கைப்பேசியெல்லை. குறுஞ்செய்தி வரும்.

அழிந்த எல்லைகளும் கணக்கில் சேரும். பிரான்சில் ரயில்கள் இடப்பக்கத் தடத்தில் ஓடுபவை. 1871 முதல் 1918 வரை ஜெர்மன் பேரரசின் கையிலிருந்த அல்சாஸ்-மொசெல் பகுதியில் மட்டும் இன்றும் வலப்பக்கமே. பழைய எல்லையருகே ஒரு தடம் மற்றதன் மேலேறிப் பக்கம் மாறுகிறது. பேரரசு போய் நூறாண்டுக்கு மேலாகியும் தண்டவாளத்துக்குத் தகவல் போய்ச் சேரவில்லை.

இனி, இத்துறையின் தலையாய சிக்கல்: பயணி எக்கணத்தில் எல்லை கடக்கிறார்? 200 மீட்டர் நீள ரயில், மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கோட்டை முழுதாகக் கடக்கப் பத்து வினாடி ஆகும். அப்பத்து வினாடியும் ஒரே ரயில் இரு நாட்டில் இருக்கும். இன்ஜின் கடந்ததும் எல்லோரும் கடந்தவராவர் என்பர் முன்பெட்டியார். அற்றன்று, கடைசிப் பெட்டி வரும்வரை எவரும் கடந்தவரல்லர் என்பர் பின்பெட்டியார். இருக்கையை விட்டெழுந்து பின்னோக்கி நடப்பவர் தம் கடப்பைக் கணப்பொழுது ஒத்திப்போடுகிறார் என்றும், உணவுப்பெட்டி அப்பக்கம் இருந்தாலன்றி அதற்கு நோக்கம் கற்பித்தல் கூடாது என்றும் நடுப்பெட்டியார் உரை வகுத்தனர். கைப்பெட்டியை மேல்தட்டில் வைத்துவிட்டுக் காப்பி வாங்கப் போனவர் இத்தாலியிலும் அவர் கைப்பெட்டி ஆஸ்திரியாவிலும் இருக்கையில், அவர் பயணியா, பிரிந்து வாழ்பவரா என்ற வினாவை எழுப்பியவரும் அவர்களே. உறங்கியவர் கடக்கவில்லை, ரயிலே அவரைக் கடப்பித்தது என்பது இரவுவண்டியார் துணிபு. கழிவறைக்குள் இருந்தவரைப் பற்றி நான்கு சாராரும் மௌனம். சன்னல் மங்கல் கண்ணாடியாதலால் சான்று கிடைப்பதில்லை.

இந்நால்வரும் ஆண்டுதோறும் ஒரு கருத்தரங்கில் கூடி, ஒருவர் கட்டுரையை மற்றவர் மறுத்து, அம்மறுப்பையே மேற்கோளாக்கிப் பதவி உயர்வு பெறுவர். வருவது விமானத்தில்; பயணப்படி அதற்குத்தான் கூடுதல்.

திரும்பி வரும் பயணத்துக்கு மேற்கூறியவை தலைகீழாகப் பொருந்தும். நடந்து கடப்போர் இக்கட்டுரையின் வரம்புக்கு அப்பாற்பட்டவர்.