கரண்டியைக் கீழே வைத்த கதை

மெல்போர்ன்,
ஜூலைக் கடைசி, ஞாயிறு இரவு

அன்புமிக்க அக்காவுக்குத் தம்பி அநேக நமஸ்காரம்.

பொள்ளாச்சியில் ஆடிக்காற்று தென்னை மட்டைகளை உலுக்கிக்கொண்டிருக்கும் இந்நாளில், பூமியின் இந்தப் பாதியிலோ குளிர்காலம். மாலை ஐந்தரை வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. கம்பளிக் காலுறையோடு சமையலறையில் நிற்பதே சுகமென்று தோன்றும்படியான குளிர்.

நம் தோப்பில் தென்னைக்கு ஊடே நட்ட கோகோவை வியாபாரி எடை போட்டு வாங்கிப் போன பிறகு அது என்ன கதி அடைகிறது என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். எல்லாக் கோகோவின் கதியும் எனக்குத் தெரியாது. ஆயினும், அந்த மரத்துக்குத் 'தேவர்களின் உணவு' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டிய லின்னேயஸ் என்னும் பண்டிதர், சென்ற மாதம் அது என் கையில் பட்ட பாட்டைக் கண்டிருப்பாரேயானால், 1753-இல் தாம் அச்சேற்றிய பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருப்பார் என்பது மட்டும் நிச்சயம்.

இந்நாட்டார் குளிர்காலத்தில் மிகுந்த பிரியத்தோடு செய்யும் பட்சணம் ஒன்றுண்டு. சாக்லேட் புட்டிங் என்பது அதன் பொதுப்பெயர். தன் சாற்றைத் தானே உண்டாக்கிக்கொள்வது என்பது அதன் விசேஷணம். சுயம்பு லிங்கம் கேள்விப்பட்டிருக்கிறோம், சுயம்புச் சாறு கேள்விப்பட்டதுண்டா? பக்கத்து வீட்டு மூதாட்டி, 1922-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் நடந்துவரும் கிராமப்புறப் பெண்கள் சங்கத்தின் பழைய அங்கத்தினர், எண்ணெய்க்கறை படிந்த ஒரு சீட்டில் அதன் செய்முறையை எழுதித் தந்தார். ஒரு கோப்பை மாவு, அரைக் கோப்பைச் சர்க்கரை, அரைக் கோப்பைப் பால், 60 கிராம் உருக்கிய வெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி கோகோ: இவ்வளவையும் கலந்து பாத்திரத்தில் ஊற்றுவது வரையில் எனக்கு ஆக்ஷேபம் இல்லை. மாவும் சாமானியமானதன்று, தானே உப்பும் மாவு. கப்பலோட்டிகள் காய்ந்த பிஸ்கட்டையே கடித்துக்கொண்டிராமல் நடுக்கடலிலும் புதிய ரொட்டி தின்னட்டும் என்று பிரிஸ்டல் நகரத்து ரொட்டிக்காரரான ஹென்றி ஜோன்ஸ் 1845-இல் உரிமை பெற்ற சரக்கு அது. தானே உப்பும் மாவு, தானே ஊறும் சாறு என்று எல்லாமே தானே நடக்கையில் சமைப்பவனுக்கு என்ன வேலை என்று நான் அலட்சியமாக இருந்ததுதான் பிழை.

ஏனெனில் அடுத்த வரியைக் கேளுங்கள். பாங்காகப் பரப்பிய அந்த மாவின்மீது முக்கால் கோப்பைப் பழுப்புச் சர்க்கரையையும் (நம் நாட்டுச் சர்க்கரைக்குத் தூரத்து உறவு) இன்னொரு கரண்டி கோகோவையும் தூவி, அதன் தலையில் இரண்டு கோப்பைக் கொதிக்கும் நீரை ஊற்ற வேண்டுமாம். ஊற்றிவிட்டு, கிளறாமல், தொடாமல், அப்படியே அடுப்புக்குள் தள்ள வேண்டுமாம்! அம்மிச்சி அல்வா கிண்டும்போது, கை ஓய்ந்தால் அடிபிடிக்கும் என்று நம் இருவரையும் முறை வைத்துக் கரண்டி பிடிக்கச் செய்த வீட்டில் வளர்ந்தவன், வெந்நீரில் மூழ்கிய மாவைக் கண்டும் கை கட்டி நிற்பது எங்ஙனம்? கெட்டிலை உயரத் தூக்கி ஊற்றினேன். மாவின் நடுவே கிணறு வெட்டியதுபோல் ஒரு பள்ளம் விழுந்தது. பதறிப்போய்க் கரண்டியை விட்டுச் சுழற்றினேன். நாற்பது நிமிஷம் கழித்து வெளிவந்தது ராகிக் கூழ். ராகியின் மணம்தான் இல்லை. உங்கள் மருமகன், பன்னிரண்டு வயதுப் பையன், அதைக் குடிப்பதா தின்பதா என்று மரியாதையாகவே வினவினான்.

மூதாட்டியிடம் முறையிட்டேன். அவர் சிரித்துவிட்டு, கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகின்மேல் நீரை மெல்ல வழியவிட வேண்டும் என்றும், அதன்பின் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும் என்றும் இரண்டே உபதேசம் செய்தார். பிறகு என் அளவுக்கரண்டியை வாங்கிப் பார்த்து, 'இது உங்கள் ஊர்க் கரண்டியோ?' என்றார். அக்கா, மற்ற தேசங்களில் பெரும்பாலும் மேசைக்கரண்டி என்றால் 15 மில்லிலிட்டர். ஆஸ்திரேலியாவிலோ 20. கடல் தாண்டியதும் கரண்டிகூட வளர்ந்துவிடும் என்று கோயம்புத்தூரில் அதை விற்ற கடைக்காரர் கண்டாரா?

மறுமுறை கிளறவில்லை. 180 டிகிரி அடுப்பின் கண்ணாடிக் கதவுக்கு முன் நாற்காலி போட்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிஷம் சேற்றுக் குளமே காட்சியளித்தது. பிறகு மாவுக்குள் பிறந்த வாயுக் குமிழிகள் அதை லேசாக்க, அது கஜேந்திரனைப்போல் மெல்லத் தலை தூக்கியது. சர்க்கரையும் கோகோவும் கரைந்து கனத்துப்போன நீரோ, ஓரங்களின் வழியாக அடியில் இறங்கிவிட்டது. கோகோவிலும் மாவிலுமுள்ள பசை அந்நீரைக் குழம்பாக இறுக்கியது. நாற்பதாம் நிமிஷம் கரண்டியால் மேலே குத்தினால், மேலே கேக்; கீழே கருகருவென்று மினுங்கும் சாறு. நான் எதையும் செய்யாதிருந்ததால் மட்டுமே விளைந்த பலகாரம் என்று உங்கள் நாத்தனாரிடம் பெருமை பேசாதீர்கள், நம்ப மாட்டார்.

இந்தக் கீர்த்தியில் மயங்கித்தான் நம்மூர் நண்பர்கள் நால்வரை விருந்துக்கு அழைத்தேன். ஏழு மணிக்கு வரச் சொல்லி, ஏழுக்குச் சரியாகப் பாத்திரத்தை வெளியே எடுத்தேன். அவர்கள் தமிழர்கள்; எட்டே முக்காலுக்கு வந்தார்கள். அதற்குள் கேக், தன் சாற்றைத் தானே உண்டாக்கியதோடு நில்லாமல், சொட்டு மீதியின்றித் தானே குடித்தும் தீர்த்திருந்தது. 'சாறு, சாறு என்று டெலிபோனில் சொன்னீர்களே?' என்று ஒருவர் பாத்திரத்தின் அடியை நெடுநேரம் துழாவினார்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை சாதுரியமாக அவர்களை ஐந்தரைக்கு வரச் சொல்லிவைத்தேன், ஏழுக்கு வருவார்கள் என்னும் கணக்கில். ஐந்தே காலுக்கே வாசல் மணி அடித்தது, அக்கா; நான் மாவைக்கூடச் சலித்திருக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி