டங்கும் பொக்கும்

செருப்பைக் கழற்றும் முன்பே வாசல் நிலையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. “தேக்கா, மேலே ஒட்டுனதா?” உள்ளே வந்ததும் சுவரில் ஒரு தட்டு. உட்காரப் போகிறவர் குனிந்து தரை டைல்ஸிலும் ஒன்று வைப்பார். காதைச் சாய்த்துக் கேட்பார். சாவு வீட்டுக்கு வந்தவர்போல முகத்தில் ஓர் இரக்கம் படரும்.

“பொக்குனு கேக்குது பாருங்க. அடியில கலவை சரியாப் போகல. நம்ம அண்ணா நகர் ஃப்ளாட்டுல தட்டிப் பாருங்க, டங்குனு கேக்கும்.”

சென்னையில் மராமத்து செய்த ஃப்ளாட்டை விற்பனைக்கு வைத்துவிட்டு, செஞ்சியில் வந்து குடியிருக்கும் ஃப்ளாட்காரரின் கை இப்படித்தான் இருக்கும். சும்மா இருக்காது. டீக்கடை பெஞ்சைத் தட்டும். வங்கி கவுன்டரைத் தட்டும். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை தாலி கட்டும்போது இவர் மட்டும் தூணருகே நின்று, “ஜிப்சம்தான்” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார். ஒருமுறை உண்மையிலேயே சாவு வீடு. நடுக்கூடத்தில் ஐஸ்பெட்டி. கை கட்டி நின்றவரின் கை மெல்ல அவிழ்ந்து, பின்பக்கமாகப் போய்ச் சுவரைத் தட்டிவிட்டது. அழுதுகொண்டிருந்த வீட்டுக்காரர் அழுகையை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தார்.

வெளியூர் விருந்தாளிகளைச் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப்போனால் இவரும் ஒட்டிக்கொள்வார். கல்யாண மகாலின் மேல்தளம் வரைக்கும் அந்தக் காலத்திலேயே சுடுமண் குழாயில் தண்ணீர் ஏறியது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். “நாங்க பழைய ஜி.ஐ. பைப்பையெல்லாம் புடுங்கிட்டு சி.பி.வி.சி. மாத்திட்டோம்” என்றார். அப்புறம் தூணைத் தட்டினார். கருங்கல், டங்கும் இல்லை, பொக்கும் இல்லை. முட்டியைத் தடவிக்கொண்டே, “பாலிஷ் போடல” என்று முடித்துவிட்டார். மராத்தியர் கோட்டைகளோடு சேர்த்து 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது ஊரே இனிப்பு தின்றது. “மலைக்கு விலை ஏறாதுப்பா, ரோட்டு ஓரத்துக்குத்தான் ஏறும்” என்றார் இவர்.

மராமத்து என்றால் என்னவென்று இந்தக் கோட்டைக்குத் தெரியாதா? 1677-இல் சிவாஜி பிடித்ததும் மதில்களை இடித்துத் திருத்திக் கட்டினார். ஆனால் வருகிறவன் போகிறவனிடம் அதைத் தட்டிக் காட்டியதாகத் தகவல் இல்லை. அப்புறம் மொகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் என்று எத்தனையோ கை மாறியது. அதில் மொகலாயர் கைக்குப் போகத்தான் நாளானது. அவர்கள் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகை போட்டு, 1698-இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. நம்மவர் ஃப்ளாட்டில் மொசைக்கைப் பெயர்த்து, மாடுலர் கிச்சன் வைத்து, ஃபால்ஸ் சீலிங் தொங்கவிட்டது 2018-இல். அன்றிலிருந்து ‘விற்பனைக்கு’. சுல்பிகர் கானுக்கு வந்த நிலைமை இங்கே எத்தனை பேருக்கு வந்துவிட்டது!

ஏனென்றால் விலையை லேசில் சொல்லமாட்டார். “வீட்டைப் பாருங்க, விலை எங்க போவுது?” என்பார். விலை எங்கும் போகவில்லை, மேலேதான் போகிறது. போன தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. வாங்குகிறவன் தலையில் முத்திரைத்தாளுக்கு 7, பதிவுக்கு 2 என்று நூற்றுக்கு ஒன்பது தனியாக விழுகிறது. அதையாவது நினைக்க வேண்டாமா? முக்கியமானதைக் கேட்டால் பேச்சு பாத்ரூம் குழாய்க்குத் தாவிவிடும். ஃப்ளாட் வாங்குகிறவன் காசு கொடுப்பது நிலத்தில் வரும் பிரிபடாத பாகத்துக்கு. அது எத்தனை சதுர அடி என்று இதுவரை இவர் வாயிலிருந்து வந்ததில்லை. கட்டடத்துக்கு வயது முப்பதுக்கு மேல். மூன்றில் இரண்டு பங்கு சொந்தக்காரர்கள் ஒத்துக்கொண்டால் இடித்துக் கட்டலாம் என்று 2022-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நாளைக்கு ஜே.சி.பி. வந்து தட்டினால் டங்கும் பொக்கும் ஒரே சத்தம்தான். இதைச் சொன்னால் நமக்கு ரசனை இல்லை என்பார்.

தெரிந்தும் என் சகலையை அழைத்துப்போனேன். அவர் பேங்க்கில் வேலை பார்த்தவர். மூச்சு வாங்க மூன்று மாடி ஏறினார் (லிஃப்ட் கிடையாது, இதுவும் முதலில் சொல்லப்படவில்லை). நாற்காலியில் உட்கார்ந்து, தாய்ப் பத்திரம், வில்லங்கம், பட்டா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. கேட்ட விலைக்கே, பேரம் பேசாமல், “அட்வான்ஸ் எப்ப தரட்டும்?” என்றார். ஃப்ளாட்காரர் முகம் செத்துப்போனது. வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். கீழே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஒரு சுவரைக்கூடத் தட்டிப் பாக்கல தம்பி அந்த மனுஷன். அவருக்கு எப்படிக் குடுப்பேன்?” என்றார். அதற்கப்புறம் என் சகலை என்னோடு நாலு மாதம் பேசவில்லை.

கோட்டையின் ராஜகிரி மலையை ஒரே மூச்சில் ஏறி இறங்கிய முழங்கால்களாம் ஃப்ளாட்காரருடையவை. இப்போது அந்த மூன்று மாடிக்கு அரைமணி ஆகிறது. ஆனாலும் மாதம் ஒருமுறை திண்டிவனம் வழியாக பஸ் பிடித்து, கிளாம்பாக்கத்தில் இறங்கி, இன்னொரு பஸ் மாறிப் போய், ஆளில்லாத வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு வருகிறார். ஒருநாள் கூடப் போயிருந்தேன். நான் பால்கனியில் நின்றேன். உள்ளே அறை அறையாக அவர் தட்டிக்கொண்டே போகும் சத்தம் கேட்டது. டங். டங். டங். சமையலறைப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவர் மனைவி இருந்தவரை அந்த மேடை உயரத்தைப் பற்றித்தான் இருவருக்கும் சண்டையாம்.

போன மாதம் என் வீட்டுக் கூடத்துக்குப் புது டைல்ஸ் போட்டேன். கொத்தனார் பக்கத்திலேயே நின்று, கலவை அள்ளி அள்ளி வைக்கச் சொன்னேன். முதல் ஆளாக வந்தார். குனிந்தார். தட்டினார். டங்.

நிமிரவில்லை. அடுத்தது, டங். அதற்கடுத்தது, டங். எனக்கே பாவமாகிவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து நகர்ந்து, சோபாவை இழுத்துப் போட்டு, டி.வி. மேசைக்கு அடியில் கையை விட்டார்.

பொக்.

“பாத்தீங்களா!” என்று எழுந்து உட்கார்ந்து, காபி கேட்டார்.