ஒரே ராத்திரியில் கண் சிவப்பைப் போக்குவது எப்படி?

உத்திரமேரூர் பக்கம் நவரை அறுப்பு. களத்தில் தூற்றும்போதோ, அறுப்பு மெஷினுக்குப் பின்னால் நிற்கும்போதோ உங்கள் கண்ணில் ஒரு நெல் தெறிக்கத்தான் போகிறது. கருவிழியில் சின்னக் கீறல். சுத்தமாக வைத்து, அன்றைக்கே மருந்து போட்டால் இரண்டு மூன்று நாளில் ஆறித் தொலைந்துவிடும். அப்படி ஆறவிடாமல் பார்த்துக்கொள்ளும் வழிகளைச் சொல்கிறேன். பாதி உங்களுக்கே கைவந்த கலை.

1. கசக்குங்கள். சேற்றுக் கையாக இருந்தால் நல்லது. நெல்லோடு வந்த பூஞ்சை உள்ளே இறங்க வழி வேண்டாமா? அப்புறம் துண்டு முனையை எச்சிலில் நனைத்து ஒற்றுங்கள். நாக்கால் தூசி எடுக்கும் ஆயா தெருவில் இருந்தால் அவருக்கே முதல் மரியாதை.

2. கூட்டம் போடுங்கள். பராந்தக சோழன் காலத்திலேயே குடவோலை கண்ட ஊர் இது. அதைச் சொல்லும் கல்வெட்டு, வாரியத்துக்கு நிற்பவருக்கு வயது 35க்கு மேல் 70க்குள், சொந்த மனை, வரி கட்டும் நிலம் என்று ஏகப்பட்ட தகுதி கேட்கிறது. உங்கள் கண்ணுக்கு வைத்தியம் சொல்ல அதெல்லாம் வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு: எது ஜெயித்தாலும் தோற்றதையும் சேர்த்து விடுங்கள். உறவில் மனஸ்தாபம் வராது.

3. இனிதான் முக்கியமான கட்டம். மெடிக்கலுக்குப் போங்கள். பைக்கை விட்டு இறங்காமல், "அண்ணே, கண்ணு செவந்திருக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். நெல் பட்டதை மூச்சு விடாதீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஸ்டீராய்டு சொட்டு மருந்து, பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன், சீட்டில்லாமலே கைக்கு வரும். கடைக்காரர் தயங்கினால், பக்கத்து வீட்டுப் பெரியப்பா கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு போட்டு மிச்சம் வைத்தது இருக்கும். அவருக்குக் கேட்டது உங்களுக்குக் கேட்காதா?

விடிந்ததும் சிவப்பு குறைந்திருக்கும். வலியும் குறையலாம். கொண்டாடுங்கள். அந்தச் சிவப்பு, கிருமியை அடிக்க உடம்பு அனுப்பிய படை வந்து இறங்கிய அடையாளம். நீங்கள் படையைத்தான் ஊருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். பூஞ்சை அங்கேயே இருக்கிறது, இப்போது தடுக்க ஆளில்லாமல். நடுவில் கருவிழியின் கனமே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். இழை இழையாக இறங்க எத்தனை நாள் ஆகும்? நீங்கள் வெள்ளை விழியை மட்டும் பாருங்கள். கருவிழியில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் கண்ணாடியைத் திருப்பி வையுங்கள்.

4. உங்களுக்குத் துணை உண்டு. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். 284 பேர், அதற்கு முன் கண்ணில் அடிபட்டதாகச் சொன்னவர்கள். கிருமி வளர்த்துப் பார்த்ததில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சரிபாதி. ஆக, வெறும் ஆன்டிபயாட்டிக் சொட்டு கேட்காமல் போகவும் உங்களுக்கு நல்ல வாய்ப்பிருக்கிறது.

5. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது? போட்ட சொட்டு மருந்தை மறையுங்கள். மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். புண்ணைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைப்பார்கள். பூஞ்சையா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும் ஆபத்து இருப்பதால் சுரண்ட விடாதீர்கள். பூஞ்சைக்கான நாட்டமைசின் சொட்டு கொடுத்து மணிக்கொரு தரம் விடச் சொன்னால், மூன்றாம் நாளோடு நிறுத்துங்கள்.

டாக்டரும் ஒரு கட்டத்தில் அழற்சியைக் குறைக்கத்தான் பார்ப்பார். அது அடங்காமல் நீண்டால் கருவிழியையே கரைக்கும், தழும்பாக்கும். ஆனால் அவர் முதலில் கிருமி எது என்று பார்ப்பார், அதை அடக்குவார், பிறகுதான் ஸ்டீராய்டை யோசிப்பார். பாக்டீரியாப் புண்ணிலேயே, ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகு ஸ்டீராய்டு சேர்த்து 500 பேரிடம் சோதித்தார்கள். 2012இல் வந்த முடிவு: மூன்று மாதத்தில் பார்வையில் மொத்தமாக வித்தியாசம் இல்லை. இதெல்லாம் படித்தவர்களின் தயக்கம். நீங்கள் வரிசையைத் தலைகீழாக்குங்கள்.

6. கண்ணில் பூ விழுந்த பிறகு, எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் பஸ் ஏறுங்கள். 1819இல் தொடங்கியது, உங்களைப் போன்றவர்களை நிறையப் பார்த்திருக்கும். யாரோ இறந்து தானம் கொடுத்த கருவிழிக்குக் காத்திருங்கள். பூஞ்சை இன்னும் இருந்தால் அதையும் தின்னும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நேபாளத்தில் பக்தபூர் மக்கள் செய்த தவறை நீங்கள் செய்துவிடாதீர்கள். கருவிழியில் கீறல் பட்டதும் ஊர்ச் சுகாதாரப் பணியாளரிடம் போய், மூன்று நாள் குளோராம்பெனிகால் களிம்பு போட்டுக்கொண்டார்கள். 18 மணி நேரத்துக்குள் போன 284 பேரில் ஒருவருக்கும் புண் வரவில்லை. ஒரு நாள் தாண்டிப் போன 49 பேரில் 14 பேருக்கு வந்தது.