சூட்டு வலியும் சனிக்கிழமைச் சம்பளமும்

கேள்வி: ஒன்பதாம் மாசம் நடக்குதுங்க. ஓவர்லாக் தைக்கிறேன். "உக்காந்து பாக்கற வேலைதானே, வலி வர்ற வரைக்கும் போலாம்"ங்கறார் வீட்டுக்காரர். எப்ப நிக்கறது?
- பெயர் வேண்டாம், வீரபாண்டி

பதில்: இன்றைக்கே, அம்மணி. வீட்டுக்காரரை வயிற்றில் நாலு நூல் கோனைக் கட்டிக்கொண்டு ஒன்றரை ஷிஃப்ட் மெஷினில் உட்காரச் சொல்லுங்கள். மத்தியானச் சாப்பாட்டு பெல் அடிப்பதற்குள் அவரே லீவு எழுதிக் கொடுப்பார்.

அவருடைய கவலை சனிக்கிழமைச் சம்பளம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. இ.எஸ்.ஐ. என்று நூற்றுக்கு 75 காசு உங்களிடம் பிடிக்கிறார்கள். கம்பெனி தன் பங்காக 3 ரூபாய் 25 காசு கட்டுகிறது. முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் முழுச் சராசரிக் கூலி உண்டு. 2017 வரை இது 12 வாரமாகத்தான் இருந்தது. பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் வரை எடுக்கலாம். பீஸ் ரேட்டுக்கும் இது பொருந்தும். இ.எஸ்.ஐ. பிடிக்காத கம்பெனியாக இருந்தாலும், 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் கம்பெனியே கொடுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். "இப்ப நின்னுக்க, குழந்தை பொறந்ததும் புதுசா சேந்துக்கலாம்" என்று கான்ட்ராக்டர் நல்லவர்போலச் சொன்னால் தலையாட்டாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் எடுப்பது லீவு. அந்த லீவில் வேலையை விட்டு நீக்குவது சட்டப்படி குற்றம்.

கேள்வி: வலி வருது, போகுது. அத்தை "சூட்டு வலி, சீரகத் தண்ணி குடி"ங்கறாங்க. நம்பலாமா?
- செக்கிங் வேலை, முருகம்பாளையம்

பதில்: அத்தையையும் நம்புங்கள், கடிகாரத்தையும் நம்புங்கள். சூட்டு வலிக்கு நேரம் காலம் கிடையாது. கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். நிஜ வலி பெரும்பாலும் இடுப்பில் கிளம்பி முன்னால் வரும், என்ன செய்தாலும் அடங்காது, இடைவெளி குறைந்துகொண்டே போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்றால் கிளம்ப வேண்டியதுதான். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, முகம் வீங்கித் தலைவலியோடு கண் மங்கினாலோ, சீரகம் கொதிக்கும் வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

குழந்தையின் அசைவையும் கவனியுங்கள். மெஷின் சத்தத்துக்கு நடுவே, கை வேலையில் இருக்கும்போது அது தெரியாமல் போகும். சாப்பிட்டபின் இடது பக்கமாகப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வராவிட்டால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரி போங்கள்.

கேள்வி: டாக்டர் சொன்ன தேதி தாண்டி மூணு நாள் ஆச்சு. விளக்கெண்ணெய் குடிக்கட்டுமா?
- இடுவம்பாளையம்

பதில்: வேண்டவே வேண்டாம். வயிறு போகும், உடம்பு தளரும், அவ்வளவுதான். கடைசி மாதவிலக்கிலிருந்து 280 நாள் என்று போட்ட கணக்கு அது. ஷிப்மென்ட் தேதி மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு பதற வேண்டாம். அந்தத் தேதியிலேயே பிறப்பது நூற்றில் ஏறக்குறைய ஐந்து குழந்தைகள்தான். ஆனால் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். எத்தனை நாள் பொறுக்கலாம் என்று அவர் சொல்லட்டும்.

கேள்வி: எங்க காம்பவுண்டுல ஒடிசாப் பொண்ணு ஒருத்தி, எட்டாம் மாசம். தமிழ் வராது. அம்மா வீடு ரொம்பத் தூரம். நாங்க என்ன செய்யலாம்?
- வீரபாண்டி பிரிவு

பதில்: நீங்கள் கேட்டதிலேயே மனசு நிறைந்துவிட்டது. முதலில் அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய், நர்ஸிடம் சொல்லி, கர்ப்பிணிகளுக்குத் தரும் பிக்மி பதிவு எண் அவளுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம், எந்த மாநிலத்துக்காரியாக இருந்தாலும். ஒன்பதாம் மாதம் நம் வழக்கப்படி கட்டுச்சோறு கட்டி அவளை உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். வளையலும் போடுங்கள்.

அப்புறம், ராத்திரியில் வலி எடுத்தால் 108-க்குப் பேசப்போவது நீங்கள்தான். உங்கள் சந்துக்குள் வண்டி வருமா, வராவிட்டால் எந்த பனியன் கம்பெனி கேட்டில் நிற்கச் சொல்வது என்று இந்த வாரமே பார்த்து வையுங்கள்.